மிச்சப்பட்ட நேரம் யாருடையது?

1929இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வீடுகளுக்கு எரிவாயு வழங்கிவந்த ஒரு நிறுவனம், மக்கள் வந்து பார்ப்பதற்காக ஒரு மாதிரிச் சமையலறையை அமைத்தது. அதை வடிவமைத்தவர் லில்லியன் கில்பிரெத். கணவர் ஃபிராங்குடன் சேர்ந்து, தொழிற்சாலை ஆட்களின் கையசைவுகளைப் படம்பிடித்து, தேவையற்ற அசைவுகளைக் கழித்துக்கட்டும் கலையை வளர்த்தவர். பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். 1924இல் கணவர் இறந்தார். ஒரு பெண் தனியாக வந்து ஆலோசனை சொல்வதை ஏற்கத் தொழிற்சாலைகள் தயங்கின. சமையலறையைப் பற்றி ஒரு பெண் பேசினால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை என்பதால் அவர் அந்தப் பக்கம் திரும்பினார். அடுப்பு, மேடை, பாத்திரம், மளிகை எல்லாம் நின்ற இடத்திலிருந்து எட்டும்படி இருக்க வேண்டும் என்பதே அவர் முறையின் சாரம். அந்த முறையில் அமைந்த சமையலறையிலும் பழைய பாணிச் சமையலறையிலும் ஒரே ஸ்ட்ராபெரி கேக்கைச் செய்து பார்த்தபோது 97 செயல்கள் 64 ஆகக் குறைந்தன. நடந்த அடிகளோ 281இலிருந்து 45க்கு இறங்கின. ஃபிரிட்ஜ் கதவின் உட்புறத்தில் நாம் முட்டையும் தண்ணீர் பாட்டிலும் வைக்கும் தட்டுகளையும், காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். ஆனால் அவர் வீட்டுச் சமையலைப் பெரும்பாலும் வேலையாட்களே பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

281 அடி 45 ஆனது என்றால் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அதோடு நிற்கவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளுக்குள் குழாய்த் தண்ணீர், மின்சாரம், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், வாக்குவம் கிளீனர், டப்பாவில் அடைத்த உணவு எல்லாம் வந்து சேர்ந்தன. வீட்டுவேலை நேரம் பாதியாகியிருக்க வேண்டும். ஜோஆன் வானெக் என்ற சமூகவியலாளர் பழைய நேரக் கணக்கெடுப்புகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டு, 1974இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் முடிவை வெளியிட்டார். வேலைக்குப் போகாத குடும்பப் பெண்கள் 1924இல் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டுவேலை பார்த்தார்கள். 1960களில் சுமார் 55 மணி நேரம். இயந்திரங்கள் வந்த பிறகு மூன்று மணி கூடியிருக்கிறது! அந்தக் காலக் கணக்கெடுப்பு யாரிடம் கேட்டது, எதையெல்லாம் வேலையாகச் சேர்த்தது என்று துருவினால் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே நகரலாம். ஆனாலும் பாதியாகக் குறைந்தது என்று எந்தத் திருத்தத்தாலும் காட்ட முடியாது. குடும்பத்தில் நேரத்தை மிச்சம் பிடிப்பது பற்றி யோசிக்கிற எவரும் இந்த இரண்டு எண்களையும் விளக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

வானெக்கின் கணக்கிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. துணி துவைக்கும் நேரம், துவைக்கும் இயந்திரம் வந்த பிறகு குறையாமல் கூடியிருந்தது. துணிகள் பெருகின, ஒரு முறை உடுத்தியதையே அழுக்குக் கூடையில் போடும் பழக்கம் வந்தது. 1920களில் கடைக்குப் போவதற்கும் வீட்டு நிர்வாகத்துக்கும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்கூடப் போகவில்லை. 1960களில் அதற்கு ஏறக்குறைய ஒரு முழு வேலைநாள் தேவைப்பட்டது. வீட்டு வாசலுக்கு வந்த வியாபாரிகள் மறைந்து, காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகும் வேலை முளைத்திருந்தது. மீதி விளக்கத்தை வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் தந்தார். இயந்திரங்கள் முதலில் யாருடைய வேலையைக் குறைத்தன என்று அவர் கேட்டார். விறகு வெட்டுவது ஆணின் வேலை. இரும்பு அடுப்பும் பிறகு எரிவாயுவும் அதைக் குறைத்தன. தானியத்தை அரைவைக்குக் கொண்டுபோவதும் ஆண்கள், சிறுவர்கள் பார்த்த வேலை. ஆலையில் அரைத்த மாவு கடைக்கு வந்ததும் அதுவும் ஒழிந்தது. சமைப்பவளுக்கோ நேர் மாறாக நடந்தது. திறந்த அடுப்பில் ஒற்றைப் பானையில் கொதித்த ஒரே உணவின் இடத்தில், புதிய அடுப்பில் ஒரே நேரத்தில் மூன்று பண்டங்கள் செய்ய முடிந்தது. முடிந்ததால் செய்ய வேண்டியதாயிற்று. வெள்ளை மாவு வந்த பிறகு முரட்டு ரொட்டி போய், கேக்கும் மெதுரொட்டியும் அன்றாடம் ஆயின.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு உதாரணம் தேட அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஆட்டுக்கல்லில் உளுந்தையும் அரிசியையும் ஆட்டிய காலத்தில் இட்லி பல வீடுகளில் பண்டிகைப் பலகாரம். முதல் நாள் ஊறவைத்து, தோள்பட்டை வலிக்கக் குழவியைச் சுற்றி, ஒரு கையால் தள்ளி மறு கையால் சுற்றி, உளுந்து பொங்கி வந்ததா என்று தண்ணீரில் ஒரு துளி போட்டுப் பார்த்து, வழித்து எடுக்க வேண்டும். கோவையில் செய்த மின் கிரைண்டர் வந்து கைவலியை எடுத்துக்கொண்டது. 2011இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் ரேஷன் கார்டுக்காரர்களுக்கு விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது அந்த வசதி ஏழை வீடுகளுக்கும் போனது. உடல் உழைப்பு நிஜமாகவே குறைந்தது. அதைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திராதவர்கள். ஆனால் நேரம்? இட்லியும் தோசையும் வாரத்தில் ஐந்து நாள் பலகாரமாயின. ஒரு சட்னி இரண்டாயிற்று. பழைய சோறும் வெங்காயமும் சாப்பிட்டுப் போன பிள்ளைக்குக் காலையில் சூடாக ஒன்று, டிபன் பாக்ஸில் இன்னொன்று என்றாயிற்று. பாரத்தைத் தூக்கிய இயந்திரம் எதிர்பார்ப்பையும் சேர்த்துத் தூக்கிவிட்டது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். 1960களோடு கதை முடியவில்லையே, அதற்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டுவேலை குறைந்துதானே போனது என்பார்கள். உண்மைதான். சுசான் பியாங்கியும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிள்ளை வளர்ப்பைச் சேர்க்காமல் வீட்டுவேலையை மட்டும் எடுத்தால், பெண்கள் 1965இல் வாரத்துக்கு 30 மணி நேரம் செய்தார்கள், 1995இல் 17.5 மணி நேரம். ஆண்களின் பங்கு 4.9 மணியிலிருந்து 10 மணியாகக் கூடியது. இந்த மறுப்பை நான் வரவேற்கிறேன். என் வாதத்தின் மையமே இதில்தான் இருக்கிறது. வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் 1965க்கு முன்பே வந்துவிட்டவை. அப்போது குறையாத நேரம் பிறகு ஏன் குறைந்தது? அந்த முப்பது ஆண்டுகளில் பெருவாரியான பெண்கள் சம்பள வேலைக்குப் போனார்கள். வானெக் இதன் சாயலை முன்கூட்டியே பார்த்திருந்தார்: அவருடைய 1960களின் கணக்கில், வீட்டோடு இருந்த பெண்கள் 55 மணி நேரம் பார்த்த வேலையை, சம்பளத்துக்குப் போன பெண்கள் சுமார் 26 மணி நேரத்தில் முடித்துக்கொண்டார்கள். வேலைக்காரி வைத்துக்கொண்டார்கள், கணவர் உதவினார் என்ற காரணங்கள் அந்த வித்தியாசத்தை விளக்கப் போதவில்லை. சிறிய குடும்பம் உள்ளவர்கள்தாம் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று சொல்லலாம், ஓரளவு இருக்கும். அதற்காக 29 மணி நேர இடைவெளி முழுவதையும் பிள்ளைகளின் எண்ணிக்கை மீது சுமத்த முடியாது. அவர்களுடைய நாளில் எட்டரை மணிக்கு ஒரு பேருந்து இருந்தது. அது வீட்டுவேலையின் எல்லையை வெளியிலிருந்து வரைந்து கொடுத்தது.

ஆக, வீட்டில் மிச்சமாகும் நேரம் தானாக மிச்சமாக நிற்பதில்லை. போக வேண்டிய இடம் முன்னமே தீர்மானமாகி, அது யாருடைய நேரம் என்பதையும் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் நிற்கிறது. இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தரம் உயர்வதும் பிறர் தேவையும் அதை விழுங்கிவிடும். நேர மேலாண்மைப் புத்தகங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்கின்றன: முதலில் நேரத்தை மிச்சப்படுத்து, பிறகு அதை எதற்குச் செலவழிப்பது என்று பார்த்துக்கொள்ளலாம் என்கின்றன. அலுவலகத்தில் ஒருவேளை அது நடக்கலாம். வீட்டில் ‘சும்மாதானே இருக்கிறாய்’ என்ற இரண்டு சொற்கள் போதும், மிச்சமான அரை மணி போய்விடும். அமெரிக்காவில் வீட்டுவேலை குறைந்த பிறகு என்ன ஆனது என்பதையே பாருங்கள். கேரி ரேமியும் வேலரி ரேமியும் 2010இல் காட்டியபடி, 1990களின் நடுவிலிருந்து பெற்றோர் பிள்ளைகளுக்காகச் செலவிடும் நேரம் அங்கே வேகமாக ஏறத் தொடங்கியது. கல்லூரி படித்த தாய்மாரிடம் ஏற்றம் மிக அதிகம். நல்ல கல்லூரியில் இடம் பிடிக்கும் போட்டியே காரணம் என்பது அவர்கள் வாதம். அபாகஸ் வகுப்பு, இந்தி வகுப்பு, நீச்சல், நீட் கோச்சிங் என்று ஸ்கூட்டரில் ஏற்றி இறக்கும் சென்னைப் பெற்றோருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நேரத்துக்குப் போக்கிடம் வேண்டும் என்றால் அதற்குப் பெயர் குறிக்கோள். குறிக்கோள் வைத்துக்கொள்வதில் நமக்குக் குறைவில்லை. ஜனவரி மாதத்து நடைப்பயிற்சிக்காரர்களைப் பார்த்தாலே தெரியும். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் கேட்டது, மனத்தில் உறுதியோடு இருப்பவர்களில் சிலர் மட்டும் ஏன் செய்து முடிக்கிறார்கள் என்பது. 1997இல் அவரும் பிராண்ட்ஷ்டேட்டரும் வெளியிட்ட சோதனை ஒன்றில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரவை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்புமாறு மாணவர்களிடம் கேட்டார்கள். விடுமுறை, வீடு நிறைய உறவினர். எழுதுவதற்குச் சற்றும் தோதில்லாத நாட்கள். ஒரு பாதிப் பேரிடம் மட்டும், எந்த இடத்தில், எப்போது உட்கார்ந்து எழுதுவீர்கள் என்பதை முன்கூட்டியே குறித்துத் தரச் சொன்னார்கள். குறித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் எழுதி முடித்தார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கு. 2006 வாக்கில் இப்படிப்பட்ட 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் விளைவு நன்றாகவே தெரிந்தது. ‘இனி தினமும் பிள்ளையோடு பேசுவேன்’ என்பது விருப்பம். ‘இரவு சாப்பிட்டுக் கை கழுவியதும் மொட்டை மாடிக்குப் போவோம்’ என்பது திட்டம். கை கழுவுவது தவறாமல் நடக்கும் காரியம் என்பதால், நினைவூட்டும் வேலையை அது ஏற்றுக்கொள்கிறது. இதற்காக மந்திரம் என்று கொண்டாடிவிடவும் கூடாது. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களிடம் ஃப்ளூ தடுப்பூசிக்கு நாளும் நேரமும் எழுதச் சொன்ன 2011ஆம் ஆண்டு ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்கள் 33.1 சதவீதத்திலிருந்து 37.1 சதவீதம் ஆனார்கள். நான்கு புள்ளி உயர்வு; ஒரு பென்சில் செலவுக்கு நல்ல லாபம், அவ்வளவுதான்.

அடுத்த தடங்கல், எவ்வளவு நேரம் ஆகும் என்று நாம் போடும் கணக்கு. மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் சுட்டிக்காட்டினார்கள். 1994இல் கனடாவில் ரோஜர் பியூலரும் மற்றவர்களும் பட்டப்படிப்பு மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே தப்பாகப் போனால் என்று கேட்டதற்கு 49 நாள். ஆனதோ 55 நாளுக்கும் மேல். கெட்டது எல்லாம் நடக்கும் என்று எண்ணிப் போட்ட கணக்கையே நடப்பு தாண்டிவிட்டது. காரணம், கணக்குப் போடும்போது மனம் வேலையை மட்டும் பார்க்கிறது. இதற்கு முன் இதே வேலை எப்படி இழுத்தது என்பதைப் பார்ப்பதில்லை. ‘பிள்ளையைக் கிளப்ப அரை மணி’ என்கிறோம். அந்த அரை மணிக்குள் எழுப்புவது, மறுபடி எழுப்புவது, கீசர் சூடேறக் காத்திருப்பது, ஒரு சாக்ஸைத் தேடுவது, டைரியில் கையெழுத்து, இன்றைக்கு ஒயிட் யூனிஃபார்ம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வருவது, இஸ்திரி, ஆறாத தோசையை ஊதிக் கொடுப்பது, ஷூ லேஸ், வேன்காரரின் ஹாரன் எல்லாம் இருக்கின்றன. ஜஸ்டின் க்ரூகரும் மேத்யூ எவன்ஸும் 2004இல் காட்டியது இதைத்தான்: ஒரு வேலையை இப்படிக் கூறுகூறாகப் பிரித்து எழுதச் சொன்னால் மதிப்பீடு நீண்டு உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. அவர்கள் சோதித்த வேலைகளில் சமையலுக்கான ஆயத்தமும் ஒன்று. காலை நேரச் சண்டைகளில் பெரும்பகுதி சோம்பலால் வருவதாக நாம் நினைக்கிறோம். பத்துப் பதினைந்து நிமிடக் கணக்குத் தவறு வாரம் ஐந்து நாளும் திரும்பத் திரும்ப நடப்பதே அதன் வேர் என்பது என் எண்ணம்.

இவ்வளவையும் படித்துவிட்டு ஆர்வக்கோளாறில் எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டால் அதுவும் கவிழும். ஏமி டால்டனும் ஸ்டீஃபன் ஸ்பில்லரும் 2012இல் கண்டது: ஒரே ஒரு குறிக்கோளுக்கு எங்கே, எப்போது என்று திட்டமிட்டால் உதவுகிறது; பல குறிக்கோள்களுக்கு ஒரே நேரத்தில் அப்படித் திட்டமிட்டால் அந்தப் பயன் கரைந்துபோகிறது. விரிவாக எழுத எழுத, இத்தனையும் எப்படி முடியும் என்ற மலைப்பு வந்து பிடிப்பு தளர்கிறது. குடும்பத்துக்கு இது தனி மனிதரைவிட இருமடங்கு பொருந்தும். நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு மூன்று குறிக்கோள் என்றால் பன்னிரண்டு. அவை ஒரே குளியலறையிலும் ஒரே ஸ்கூட்டரிலும் வந்து மோதும். ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கும் வீட்டில் அந்த மூன்று மாதமும் வேறு லட்சியம் எதுவும் வேண்டாம்.

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் பொதுவான ஒரு குறை உண்டு. தன் நேரம் தன் கையில் இருக்கும் தனி ஆளை, பெரும்பாலும் கல்லூரி மாணவரை, வைத்து நடந்தவை அவை. குடும்பத்தில் அப்படி நேரம் கையில் இருப்பவர் யார்? அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளைப் பேட்டி கண்டு 2019இல் எழுதிய கட்டுரை, வீட்டுவேலைக்குள் கண்ணுக்குத் தெரியாத நான்கு அடுக்குகளைப் பிரித்துக் காட்டியது: தேவை வரப்போவதை முன்னுணர்வது, என்ன வழிகள் உண்டு என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவு நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவனும் மனைவியும் ஓரளவு சமமாகவே பங்கேற்றார்கள். முன்னுணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவியின் தலையில். பிள்ளையின் பள்ளிக்கூட ஷூவை எடுத்துக்கொள்ளுங்கள். கால் வளர்ந்து பெருவிரல் முட்டுகிறது என்பதை மே மாதத்திலேயே கவனிக்க வேண்டும். எந்தக் கடையில் என்ன விலை என்று விசாரிக்க வேண்டும். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் கடையில் கூட்டம் என்று தெரிந்திருக்க வேண்டும். வாங்கியது கடிக்கிறதா என்று மறுநாள் கேட்க வேண்டும். கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்கி வருவது இதில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைச் செய்தவர் ‘ஷூ வேலை நான்தான் பார்த்தேன்’ என்பார், பொய்யில்லாமல். ‘சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே’ என்ற வாசகமும் இங்கேதான் பிறக்கிறது. சொல்வதே வேலையின் பாதி என்பது சொல்பவருக்கு மட்டும் தெரியும்.

நேரத்தை அளக்கும் அரசுக் கணக்கெடுப்பிலும் இந்தப் பாதி சிக்குவதில்லை. இந்தியாவின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, முந்தின நாள் அதிகாலை 4 மணி முதல் அன்று 4 மணி வரை என்ன செய்தீர்கள் என்று அரை மணி அரை மணியாகக் கேட்டு எழுதுகிறது. ஓர் அரை மணிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை இருந்தால் அதையும் குறிக்க இடம் உண்டு. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து கேஸ் புக் செய்தோமா என்று நினைத்துக்கொண்டிருந்தவரின் பதில் ‘பயணம்’ என்றுதான் பதிவாகும்.

வீட்டுக்குள் கடிகாரத்தையும் கணக்கையும் கொண்டுவந்தால் அன்பு என்ன ஆகும் என்பது இன்னொரு மறுப்பு. மதிக்கத்தக்க மறுப்புதான். பாட்டியின் காலடியில் ஒரு பிள்ளை வெறுமனே உட்கார்ந்திருப்பதை எந்த அட்டவணையிலும் ஏற்றத் தேவையில்லை. ஆனால் கணக்குப் பார்க்காத வீடுகளில் அந்த வெறுமனே உட்கார்தல் யாருக்கு வாய்க்கிறது என்று கொஞ்சம் கவனிக்கலாம். அது கேட்காமலே கிடைப்பவர்களுக்குக் கணக்கு அநாகரிகமாகத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று முதல் ஐந்து வரை அம்மா எதற்கும் எழ மாட்டார் என்பதும் ஒரு குறிக்கோள்தான். அதற்குள் அவர் தூங்கலாம், சீரியல் பார்க்கலாம், எதையுமே செய்யாமல் இருக்கலாம்.

கனமான மறுப்பு வேறு. இதெல்லாம் கொஞ்சம் வசதியுள்ளவர்களுக்கு. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் மாற்றிவைக்க நேரமே இல்லை என்பது. இதற்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. அங்கே நேரத்தை மிச்சப்படுத்தும் பெரிய காரியங்கள் வீட்டுக்கு வெளியே நடக்க வேண்டியவை: வாசலில் குழாய், ஊருக்குள் பேருந்து, அருகில் அங்கன்வாடி. மின்சாரத்தைப் போலவே வீட்டு நேரத்துக்கும் உச்சவேளை உண்டு. பிற்பகல் மூன்று மணியின் அரை மணியும் காலை ஏழரை மணியின் அரை மணியும் கடிகாரத்தில்தான் சமம். நூறு நாள் வேலைக்கோ மில் ஷிப்ட்டுக்கோ கிளம்ப வேண்டியவருக்கு அந்தக் காலை அரை மணியில்தான் எல்லாம் முட்டி நிற்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பிள்ளைகளின் ஊட்டத்தையும் வருகையையும் பேசுகிறார்கள். அது வீட்டின் உச்சவேளையிலிருந்து ஒரு முழு வேலையைத் தூக்கி எடுத்துக்கொண்ட திட்டமும்கூட. உப்புமாவோ பொங்கலோ பள்ளியில் கிடைப்பதால், என்ன செய்வது என்று முந்தின இரவு யோசிப்பதும் அந்த வீட்டிலிருந்து போய்விட்டது. பணம் கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளும் நடுத்தர வீட்டின் வழியை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவின் காலை ஏழரை மணி அவர் வீட்டிலும் ஏழரை மணிதான். அங்கே வேலை குறையவில்லை. கை மாறியிருக்கிறது, அதுவும் இன்னொரு பெண்ணின் கைக்கே.

கை மாறுவது வீட்டுக்குள் நடக்கிறதா என்பதற்கு நம் நாட்டின் இரண்டு கணக்கெடுப்புகள் பதில் சொல்கின்றன. 2019இல், தம் வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செய்தார்கள். அப்படிச் செய்த ஆண்கள் 97 நிமிடம். இது வேலையில் கைவைத்தவர்களுக்கு மட்டுமான சராசரி. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதம் பேர் இதில் இருந்தார்கள்; ஆண்களில் 26.1 சதவீதம் பேர்தான். 2024இல் பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. பத்து நிமிடம் மிச்சம். ஆண்கள் அந்தப் பத்து நிமிடத்தை ஏற்றுக்கொண்டார்களா? அவர்களுடையது 88 நிமிடமாக இறங்கியிருந்தது. மாவு பாக்கெட்டோ, வாஷிங் மெஷினோ, வீட்டு வாசலில் வந்து இறங்கும் சாப்பாடோ இருவருடைய வேலையையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்திருக்கலாம். இடைவெளி 202 நிமிடமாக இருந்தது, 201 ஆயிற்று.

ஆகவே ஒரு குடும்பம் நேரத்தைப் பற்றி உட்கார்ந்து பேசினால், எந்த வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம் என்பதைவிட எந்த வேலையை நான்கு அடுக்கோடும் அப்படியே இன்னொருவரிடம் கொடுக்கலாம் என்று பேசுவது பயனுள்ளது. காலை டிபன் அப்பாவின் பொறுப்பு என்றால், உளுந்து தீர்ந்ததைப் பார்ப்பது, ஊறவைப்பது, அரைப்பது, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்ப்பது, புதன்கிழமை என்ன என்று யோசிப்பது எல்லாமே அவருடையது. இதில் ஒரு விலை உண்டு. அதை மறைத்துப் பேசும் புத்தகங்களை நான் நம்புவதில்லை. முதல் ஒரு மாதம் எல்லோருக்கும் கூடுதல் நேரம் ஆகும். மாவு புளிக்கும், வேன் ஒரு நாள் போய்விடும். அதைவிடக் கடினம், கொடுத்தவர் அந்த வேலையின் தரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது. இரண்டு சட்னிக்குப் பதில் இட்லிப்பொடியும் எண்ணெயும் வரும். அடுப்பு மேடை துடைத்த மாதிரி இருக்காது. பின்னாலேயே வந்து மறுபடி துடைத்தால் கண்காணிப்பு இன்னும் கை மாறவில்லை என்று பொருள். மாமியாரோ பக்கத்து வீட்டாரோ பார்த்து ஒரு வார்த்தை சொன்னால், அந்த வார்த்தை டிபனுக்குப் பொறுப்பேற்றவரைத் தேடிப் போகாது, பெண்ணைத்தான் தேடி வரும் என்பதால், அந்தத் துணியைக் கீழே வைப்பது எளிதல்ல. எத்தனையோ வீடுகளில் ஏற்பாடு குலைவதற்கு ஆணின் அலட்சியம் ஒரு காரணம் என்றால் இந்த ஒற்றை வார்த்தை மறு காரணம். அதனால் அந்தப் பேச்சில் மாமியாரையும் உட்கார வைத்துக்கொள்வது நல்லது; பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும்தான், ஏனென்றால் சாக்ஸ் அவர்களுடையது.